ஏஐ போட்ட லேபிள் யாருக்குச் சொந்தம்? மண்டபத்து டிசைன் கடையிலிருந்து சில வழிமுறைகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊரான மண்டபத்தில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஏர்வாடி சந்தனக்கூடு போஸ்டர், தங்கச்சிமடம் தேவாலயத் திருவிழா நோட்டீஸ், கருவாட்டுப் பாக்கெட் லேபிள், படகு சங்கத்து லெட்டர்பேட் என்று வருவதெல்லாம் இந்த மாதிரி வேலைதான். இப்போதெல்லாம் வருகிறவர்கள் பாதி வேலையைப் போனிலேயே முடித்துக்கொண்டு வருகிறார்கள். "அக்கா, படம் ஏஐ-ல போட்டாச்சு, எழுத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்க." அதில் சிரமம் இல்லை. அதற்கு அடுத்து வருகிற கேள்விதான் சிரமம்: "இத வேற யாராச்சும் எடுத்துப் போட்டா நம்ம போய்க் கேக்க முடியுமாக்கா?"

நான் வக்கீல் இல்லை. வாடிக்கையாளர்களுக்காகப் பதிப்புரிமை (காப்பிரைட்) விண்ணப்பமும் டிரேட்மார்க் விண்ணப்பமும் நிரப்பி நிரப்பிப் பழகியவள். சந்தேகம் வந்தால் மதுரையில் இருக்கிற ஒரு வக்கீல் தம்பியிடம் கேட்டுக்கொள்வேன். எங்கள் கரையில் நடக்கிற தொழில்களுக்கு எது தேவையோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பெரிய தொகை சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் கட்டாயம் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

முதலில் நேரடியான பதில். "அழகான கடல், ஒரு படகு, சூரிய உதயம்" என்று ஒரு வரி எழுதி, வந்த படத்தை அப்படியே எடுத்து ஒட்டினால், அந்தப் படத்தின் மேல் உரிமை கொண்டாடுவது கடினம். நீங்கள் எடுத்த போட்டோ, நீங்கள் வரைந்த கோடு, நீங்கள் எழுதிய வரி, நீங்கள் அடுக்கிய அமைப்பு ஆகியவற்றின் மேல் தாராளமாகக் கொண்டாடலாம். ஆகவே வேலை தொடங்கும்போதே உங்கள் கை படுகிற மாதிரி தொடங்குங்கள். கை பட்டதற்கு அத்தாட்சியும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதைச் செய்கிற விதம்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. கணினி மூலம் உருவான எழுத்து, நாடகம், இசை, ஓவியப் படைப்புகளுக்கு, அவை உருவாகக் காரணமாக இருந்த நபரே ஆசிரியர் என்று 1994 திருத்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். பிரிவு 2(ஈ)-இல் ஆறாவது உட்பிரிவாக அது இருக்கிறது. அன்றைக்கு ஏஐ-யைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இன்றைக்கு நமக்குக் கையில் இருக்கிற பிடி அதுதான். 'நபர்' என்கிறது சட்டம். இயந்திரத்தின் பெயரை ஆசிரியர் கட்டத்தில் எழுத வழியில்லை.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு "நான்தானே கட்டளை கொடுத்தேன், எனக்குத்தான்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அதே சட்டத்தின் பிரிவு 13, படைப்பு அசலாக இருக்க வேண்டும் என்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை விளக்கியது. உழைப்பைக் கொட்டினால் மட்டும் போதாது, திறமையும் தேர்ந்தெடுக்கும் அறிவும் கொஞ்சமாவது படைப்புத்தன்மையும் வேண்டும் என்றது. ஒரு வரிக் கட்டளைக்கு அந்த அளவு தேறுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

பதிவு விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. டெல்லியைச் சேர்ந்த அங்கித் சாஹ்னி என்கிற அறிவுசார் சொத்துரிமை வக்கீல், தான் எடுத்த சூரிய அஸ்தமனப் போட்டோவை 'ராகவ்' என்ற ஏஐ செயலிக்குக் கொடுத்து, வான் கோ ஓவியச் சாயலில் ஒரு படம் உருவாக்கினார். செயலியை இணை ஆசிரியராகக் காட்டி 2020-இல் இந்தியப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவும் வாங்கினார். அடுத்த ஆண்டே அந்தப் பதிவைத் திரும்பப் பெறுவதாக அலுவலகம் நோட்டீஸ் அனுப்பியது. அதே படத்தை அமெரிக்காவில் பதியப் போனார். 2023 டிசம்பரில் அங்கே மறுத்துவிட்டார்கள். கரைவலை இழுத்தால் வலைக்காரருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். அந்த மாதிரி இயந்திரத்துக்கும் ஒரு பங்கு எழுதிவைக்க இந்த இரண்டு அலுவலகங்களும் தயாராக இல்லை.

அமெரிக்க நிலவரம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கீழக்கரை, பெரியபட்டினத்துப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்ச் சரக்கை இணையத்தில் விற்கிறார்கள். அங்கே ஒருவர் காப்பி அடித்தால் அந்த ஊர்ச் சட்டம்தான் பேசும். ஸ்டீபன் தேலர் என்பவர் தன் இயந்திரமே ஆசிரியர் என்று சொல்லி வழக்குப் போட்டார். 2023-இல் தோற்றார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆசிரியர் மனிதராக இருக்க வேண்டும் என்று உறுதிசெய்தது. கிறிஸ்டினா காஷ்டானோவாவின் படக்கதைப் புத்தகத்தில் 2023 பிப்ரவரியில் வேறு விதமாக முடிவானது. அவர் எழுதிய கதைக்கும் பக்கங்களில் அடுக்கிய விதத்துக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ செயலி போட்ட தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்றார்கள். ஜேசன் ஆலன் என்பவர் ஒரு படத்துக்காக 624 தடவையாவது கட்டளையை மாற்றி மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். அதற்கும் பதிவு கிடைக்கவில்லை. கட்டளை மட்டும் கொடுப்பது போதாது என்று அந்த நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதியது. சீனாவில் இதற்கு நேர் எதிராக, பெய்ஜிங் இணைய நீதிமன்றம் 2023 நவம்பரில், கட்டளைகளையும் அமைப்புகளையும் யோசித்துத் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு ஏஐ படத்தின் மேல் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

நாடு நாடாக இப்படி மாறுகிறது. எந்த ஊர்ப் பக்கம் காற்று திரும்பினாலும் நமக்குக் குறையாத விதத்தில் வேலையைச் செய்துவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

வேலையைத் தொடங்கும் விதம்

ஒரு லேபிளை எடுத்துக்கொள்வோம். சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்கள் சிலர் சேர்ந்து கருவாடும் பாசிப் பொடியும் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கினார்கள். போனில் ஒரு படம் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் படகு கேரளத்துக் காயல் படகு மாதிரி இருந்தது, பின்னால் தென்னந்தோப்பு. பாசி என்று போட்டிருந்தது ஏதோ குளத்துத் தாமரைத் தண்டு. "அக்கா, நம்ம கடல்ல இது எங்க இருக்கு?" என்று அவர்களில் ஒருவரே சிரித்துவிட்டார்.

அழகு கெட்டதைவிட எனக்கு வேறொன்று முக்கியமாகப் பட்டது. அந்தப் படத்தில் அவர்களுடையது என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. அதே செயலியில் அதே வரியைத் தொண்டியில் ஒருவர் அடித்தால் ஏறக்குறைய அதே படம் வரும். சாட்ஜிபிடி நிறுவனத்தின் நிபந்தனையிலேயே, ஒருவருக்கு வருவதைப் போலவே இன்னொருவருக்கும் வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே திரும்பத் தொடங்கினோம். ஒருவரின் மகன் பள்ளிக்கூட நோட்டில் வத்தை என்கிற எங்கள் கரைப் படகை வரைந்து கொடுத்தான். பாம்பன் வத்தைக்கு அடி தட்டையாக இருக்கும், அது அவனுக்குத் தெரியும், எந்தச் செயலிக்கும் தெரியாது. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் காயப்போட்டிருந்ததை அவர்களே போனில் போட்டோ எடுத்தார்கள். நான் அந்தக் கோட்டோவியத்தை ஸ்கேன் செய்து கோரல் டிரா மென்பொருளில் இழுத்தேன். பின்னணியில் வருகிற அலைக்கும் மேகத்துக்கும் மட்டும் ஏஐ. அதையும் அப்படியே வைக்கவில்லை, நிறத்தைக் குறைத்து, தேவையில்லாததை அழித்து, தென்கடல் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். தமிழ் எழுத்தை ஏஐ-யிடம் விடவே கூடாது. கொம்பையும் காலையும் தப்பான இடத்தில் மாட்டிவைக்கும். எழுத்தை நாமே அமைத்தால் வாசிக்கவும் முடியும், அமைப்பும் நம்முடையதாகும்.

இப்போது அந்த லேபிளில் வத்தைக் கோட்டோவியம், போட்டோ, எழுத்தமைப்பு, எல்லாவற்றையும் அடுக்கிய விதம் ஆகிய நான்கும் மனிதர் செய்தவை. பின்னணி அலைக்கு உரிமை இல்லை என்று எந்த நீதிமன்றம் சொன்னாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. அலையை மட்டும் திருடி யார் என்ன செய்யப் போகிறார்கள்?

செயலிக்குள்ளேயே வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு பகுதியாகத் தேர்ந்தெடுத்து, மாற்றி, வேண்டாததை நிராகரித்து, சேர்த்துச் சேர்த்துக் கட்டிய ஒரு படத்துக்கு அமெரிக்க அலுவலகம் 2025 ஜனவரியில் பதிவு கொடுத்தது. பகுதிகளைத் தேர்ந்து அடுக்கிய விதத்துக்கான பதிவு அது. செய்தவர் ஒவ்வொரு படியையும் பதிவுசெய்து காட்டியதால்தான் அது நடந்தது.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை, இது ஏஐ சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும். இணையத்தில் கிடைக்கிற தமிழ் எழுத்துருக்களில் சில தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும் இலவசம். லேபிளில் போட்டு விற்றால் உரிமம் வாங்க வேண்டும். படத்துக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள் எழுத்துருவைக் கவனிப்பதே இல்லை.

அத்தாட்சி

நோட்டில் வரைந்த தாளைத் தூக்கி எறியாதீர்கள். ஓரத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டு ஒரு கவரில் வையுங்கள். போனில் எடுத்த அசல் போட்டோவை வைத்திருங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது போதாது, அதில் தேதி, கேமரா விவரம் எல்லாம் போய்விடும். செயலிக்குக் கொடுத்த கட்டளைகளை நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டுங்கள். அது முதலில் கொடுத்த படத்தையும் நீங்கள் கடைசியில் ஆக்கிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சொத்து. லேயர் (படத்தின் தனித்தனி அடுக்குகள்) கலையாத மூலக் கோப்பு கட்டாயம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொண்டால் தேதிக்கு ஒரு சாட்சி கிடைக்கும். பதிவுக்கு இது ஈடாகாது, ஆனால் செலவில்லாத வேலை.

செயலியின் நிபந்தனை

யாரும் படிப்பதில்லை. முழுவதும் படிக்க வேண்டாம், மூன்று விஷயம் மட்டும் தேடுங்கள்: வெளிவருவது யாருக்குச் சொந்தம் என்கிறார்கள், வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாமா, நீங்கள் உள்ளே போடுகிற போட்டோவை அவர்கள் என்ன செய்வார்கள். பாட்டு உருவாக்குகிற சுனோவில் இலவசக் கணக்கில் செய்த பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. பணம் கட்டிய கணக்குக்குத்தான் அந்த அனுமதி. இன்னொன்றும் கவனியுங்கள். "உங்களுக்கே சொந்தம்" என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தால், நிறுவனம் உங்களிடம் சண்டைக்கு வராது என்பதுதான் அதற்கு அர்த்தம். மூன்றாம் ஆளிடம் காட்டிச் சண்டை போட அது போதாது. சட்டம் தராத உரிமையை நிறுவனம் தர முடியாது.

உள்ளே போடுவது யாருடையது?

எங்கள் கடையில் அதிகம் தகராறு வருவது இங்கேதான். இன்ஸ்டாகிராமில் யாரோ எடுத்த தனுஷ்கோடி டிரோன் போட்டோவை எடுத்துச் செயலிக்குள் போட்டு "ஓவியம் மாதிரி ஆக்கு" என்பார்கள். ஓவியமாகிவிட்டதால் புதிது என்று நினைப்பு. எடுத்தவர் தன் போட்டோவை அதில் அடையாளம் காண முடிந்தால் அது பிரிவு 51-இன்படி உரிமை மீறலாகவே வரும். பாணிக்கு உரிமை கிடையாது, அதனால் ஜப்பான் கார்ட்டூன் மாதிரி ஆக்குவது மட்டும் குற்றமாகாது. ஆனால் அந்தக் கார்ட்டூனில் வருகிற பாத்திரத்தையே உங்கள் ஐஸ் கடைப் போர்டில் நிறுத்தினால் கதை வேறு.

நடிகர் முகமும் அப்படித்தான். பிறந்தநாள் பிளெக்ஸில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ரஜினி நிற்கிற மாதிரி போட்டுக் கொடு என்று வருவார்கள். ஒரு சினிமாவில் தன் பெயரையும் சாயலையும் பயன்படுத்துவதற்கு எதிராக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வீட்டு விசேஷத்துக்குப் போட்டோ எடுத்து மகிழ்ந்தால் யாரும் வரப்போவதில்லை. கடை விளம்பரத்துக்குப் போடாதீர்கள். நான் போட்டுக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு ராமநாதபுரம் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அது அவர்கள் பாடு.

அம்பா பாட்டும் ஏஐ மெட்டும்

பாட்டு விஷயம் இன்னும் சிக்கல். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டை வைத்து யூடியூபில் போட ஒரு தம்பி வந்தான். வலை இழுக்கிற ஒரு பெரியவர் பாடியதைப் போனில் பதிந்திருந்தான். அதை ஏஐ-யில் போட்டு டிரம்ஸ் சேர்த்து, பெரியவர் குரலிலேயே இன்னும் நாலு சரணம் பாட வைக்க வேண்டுமாம்.

இதில் எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்போம். தலைமுறையாக வந்த வரிகளும் மெட்டும் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை, யாரும் பாடலாம். ஆனால் கரையில் பாடுகிறவர்கள் அன்றன்றைக்கு வரி கட்டுவார்கள். பெரியவர் தானாகக் கட்டிய வரி இருந்தால் அதன் உரிமை அவருக்கு, அவர் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும். அவர் பாடிய அந்தப் பாடுதல் தனி உரிமை. பிரிவு 38 நிகழ்த்துநர் உரிமை என்று 50 ஆண்டு தருகிறது, அவரைக் கேட்காமல் பதிவுசெய்து வெளியிட முடியாது. ஒலிப்பதிவு தம்பியினுடையது, அதற்கு 60 ஆண்டு. ஏஐ சேர்த்த டிரம்ஸ் யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் கிடக்கிறது.

கடைசியாகக் குரல். அவர் பாடாததை அவர் குரலில் பாட வைப்பது சம்மதம் இல்லாமல் செய்யவே கூடாத காரியம். பாடகர் அரிஜித் சிங் குரலை ஏஐ-யில் நகலெடுத்ததற்கு எதிராக 2024-இல் மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிரபலமான பாடகருக்குத் தடை கிடைக்கும், வலை இழுக்கிற பெரியவர் கோர்ட்டுக்கு வரமாட்டார் என்று கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவனிடம் சொன்னேன். "சரிக்கா" என்று போய், பெரியவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரையே உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பதிந்துவந்தான். ஏஐ இல்லாமலே பாட்டு நன்றாக வந்தது.

அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்றால்: பாடியவர் பெயர், எந்தப் பாட்டு, எங்கெல்லாம் வெளியிடலாம், வருமானத்தில் அவருக்கு எவ்வளவு, ஏஐ-யில் குரலைப் பயன்படுத்தச் சம்மதமா இல்லையா. கடைசி வரியைத் தனியாகப் பிரித்து எழுதி அதற்குக் கீழே ஒரு கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, சாட்சியாக வீட்டுப் பிள்ளை ஒருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

யூடியூபில் ஏற்றும்போது, நிஜம்போல் தோன்றுகிற ஏஐ குரலோ காட்சியோ இருந்தால் அதற்கான கட்டத்தில் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். 2024-இல் இருந்தே அந்த விதி இருக்கிறது.

டிசைன் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில்

"நான் காசு குடுத்தேன், எனக்குத்தானே சொந்தம்?" எல்லா நேரமும் இல்லை. காசு கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னாலோ, ஓவியம் வரையச் சொன்னாலோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்கே முதல் உரிமை என்கிறது பிரிவு 17. எழுத்து, மெட்டு போன்றவற்றுக்கு அந்த விதி இல்லை, எழுதியவருக்கே உரிமை. ஒரு லேபிளில் ஓவியமும் வாசகமும் கலந்திருக்கிறது, அதில் ஏஐ வேறு. ஆகவே எழுதி வாங்கிக்கொள்வதே நல்லது.

எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் உரிமை மாற்றம் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று பிரிவு 19 எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். இந்தப் பொறிகளைத் தவிர்க்க நான் பயன்படுத்துகிற வாசகம் இது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"கீழே கையெழுத்திட்டுள்ள நான், இத்துடன் இணைத்துள்ள லேபிள் வடிவமைப்பில் எனக்குள்ள பதிப்புரிமை முழுவதையும், அதன் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்குமாக, ரூபாய் ____ பெற்றுக்கொண்டு ____ குழுவுக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை என்னிடம் திரும்பாது. இதில் படகின் கோட்டோவியம் ____ வரைந்தது, போட்டோ ____ எடுத்தது, எழுத்தமைப்பும் அடுக்கும் நான் செய்தவை. பின்னணி அலையும் மேகமும் ____ என்ற ஏஐ செயலியில் உருவாக்கி நான் திருத்தியவை. வேறு யாருடைய படத்தையும் நான் உள்ளே பயன்படுத்தவில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதத் தயங்குகிற டிசைனரிடம் வேலை கொடுக்காதீர்கள். கோட்டோவியம் வரைந்த பையனிடமிருந்தும் தனியாக ஒரு தாள் வேண்டும். மைனர் என்றால் பெற்றோர் கையெழுத்து.

பதிவு

பதிப்புரிமை பதிவு செய்தால்தான் வரும் என்பதில்லை, படைப்பு உருவானதுமே வந்துவிடுகிறது. ஆனால் தகராறு வந்தால் பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பதினான்காம் படிவம் நிரப்ப வேண்டும். எழுத்து, இசை, ஓவியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். சரக்கின் மேல் ஒட்டுகிற லேபிள் என்றால் 2,000. ஒலிப்பதிவுக்கு 2,000, வீடியோவுக்கு 5,000. பணம் கட்டியதும் டைரி எண் வரும். ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பார்கள், பிறகுதான் பரிசீலனை.

ஆசிரியர் கட்டத்தில் மனிதர் பெயர் மட்டும். ஏஐ செய்த பகுதியை மறைக்காதீர்கள். "பின்னணி தவிர்த்த கோட்டோவியம், எழுத்தமைப்பு, அடுக்கு" என்று எதற்கு உரிமை கேட்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். மறைத்து வாங்கிய பதிவு நீதிமன்றத்தில் உடைந்தால் மொத்தமும் போகும்.

லேபிளுக்கு இன்னொரு தாள் தேவைப்படும். அதே மாதிரி டிரேட்மார்க் ஏற்கெனவே இல்லை என்று டிரேட்மார்க் பதிவாளரிடம் சான்று வாங்க வேண்டும். இந்த இடத்தில் என் அபிப்பிராயம்: கருவாடு, கருப்பட்டி, பாசிப் பொடி விற்கிறவர்கள் பதிப்புரிமைக்கு அலைவதைவிட நேராக டிரேட்மார்க்குக்குப் போகலாம். யார் வரைந்தது, ஏஐ வரைந்ததா என்ற கேள்வியே அங்கே இல்லை. உங்கள் சரக்கை அடையாளம் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு (சரக்கின் வகைக்கு) 4,500 ரூபாய். கருவாடு 29-ஆம் வகுப்பு, கருப்பட்டி 30. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பிப் பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விளக்கு, பேனா ஸ்டாண்ட் போன்றவற்றின் வடிவத்தைத் தொழில் முறையில் 50-க்கு மேல் செய்துவிட்டால், வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யக்கூடியதாக இருந்தும் செய்யாமல் விட்டால், அதன் பதிப்புரிமை போய்விடும். கடைக்கு வருமுன்னே வடிவமைப்புப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.

யாராவது காப்பி அடித்தால்

முதலில் ஸ்கிரீன்ஷாட், தேதியும் முகவரியும் தெரிகிற மாதிரி. பொருள் என்றால் ஒன்று வாங்கி, பில்லோடு வையுங்கள். அப்புறம் நீங்கள் செய்த பகுதியைத்தான் அவர் எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். வத்தைக் கோட்டோவியம் அங்கே இருந்தால் உங்கள் கை ஓங்கும். அலை மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இணையத்தில் இருந்தால் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2013 பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் மறுபடியும் திறந்துவிடலாம். வழக்கு என்று வந்தால் எதிராளி ஊருக்கு ஓட வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், பிரிவு 62 அதற்கு வழி தருகிறது. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பக்கத்து ஊர்க்காரர் மேல் எடுத்த எடுப்பில் போலீஸுக்குப் போகாதீர்கள். ஒரு பதிவுத் தபால் நோட்டீஸ், கூடவே மூலக் கோப்பின் நகல். பாதிப் பேர் அதிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

நோட்டீஸ் உங்களுக்கு வந்தால்? கிழித்துப் போடாதீர்கள், பதறி "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பாதீர்கள். ஏஐ-தான் போட்டது, எனக்குத் தெரியாது என்பது பதிலாகாது, வெளியிட்டவர் நீங்கள். அவருடைய படத்தையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் போல்டரைத் திறந்து, செயலிக்குள் எதைப் போட்டீர்கள் என்று பாருங்கள். அவருடைய போட்டோ போயிருந்தால் உடனே எடுத்துவிட்டு, எடுத்ததாக எழுத்தில் தெரிவியுங்கள். போகவில்லை என்றால் கட்டளைகளின் நகலையும் உங்கள் கோட்டோவியத்தையும் இணைத்து வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். நோட்டீஸில் ஏழு நாள், பதினைந்து நாள் என்று கெடு இருக்கும். தபால்காரர் கொடுத்த தேதியைக் கவர் மேலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கணக்கு அதிலிருந்துதான்.